ஊர்ப்பொதுவின் பொருளாதாரம்

விலையும் உத்தரவும் அன்றி, கூடி வாழ்வோர் தாமே வகுத்த நியதியால் நிலைபெற்ற ஒரு முறை. அதன் பெருமை, பிழை, எதிர்காலம்

ஐப்பசியும் கார்த்திகையும் பொய்க்காமல் பெய்த ஓர் ஆண்டில், சிவகங்கைச் சீமையிலோ இராமநாதபுரத்திலோ ஒரு கண்மாய் கலுங்கு வழிய நிரம்பி நிற்கும்போது, அந்தத் தண்ணீர் யாருடையது என்று கேட்டால், பொருளாதார நூல்களில் பழகிய அறிவுக்கு இரண்டே விடைகள் தோன்றும். விலை கொடுத்து வாங்கியவனுடையது என்பது ஒன்று. காக்கும் அதிகாரம் பெற்ற சர்க்காருடையது என்பது மற்றொன்று. அந்தக் கண்மாயின் பாசனத்தில் பிறந்து வளர்ந்த முதிய உழவரோ இவ்விரண்டையும் சொல்லமாட்டார். ஊர்த் தண்ணீர் என்பார். அதில் இன்ன மடைக்கு இத்தனை பங்கு, இன்ன வயலுக்கு இத்தனை நேரம் என்பதையும் சேர்த்தே சொல்வார். விற்பனைக்கு வராமலும், வந்தவரெல்லாம் அள்ளிச் செல்ல இடங்கொடாமலும், மேலிருந்து எவரும் உத்தரவிடாமலும் ஒழுங்காக நடந்துவந்த இந்த உடைமைமுறையைத்தான் நம் காலத்துப் பொருளாதாரச் சிந்தனை நெடுநாள் மறந்திருந்து, இப்போது மெல்லத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறது.

சென்ற நூறாண்டுகளின் பொருளாதார விவாதம் பெரும்பாலும் இரண்டு எஜமானர்களில் யாருக்கு அடங்கி நடப்பது என்ற விவாதமாகவே இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் விலையின் தீர்ப்புக்கு விட்டுவிட வேண்டும் என்றனர் ஒரு சாரார்; எல்லாவற்றையும் ராஜாங்க நிர்வாகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றனர் மறு சாரார். 1991-ஆம் ஆண்டிற்குப் பின் நம் தேசத்தில் முதற் கட்சியின் கை ஓங்கி, நீரும் நிலமும் கல்வியும் வைத்தியமும் ஒவ்வொன்றாகக் கடைச்சரக்காகி வரும் வேளையில், அதனால் மனம் நொந்தவர்கள்கூட, சர்க்கார் ஏற்று நடத்தட்டும் என்பதற்கு மேல் ஒரு மாற்றைக் கூறத் தயங்குகிறார்கள். ஆனால், மக்கள் தாமே கூடி, தமக்குத் தாமே விதி செய்து, தம் பொதுச் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பரிபாலித்ததற்கு உலகெங்கும் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் நமக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது. வெறும் நல்லெண்ணத்தால் எந்தச் சமூகமும் ஒரு பொதுச் சொத்தைக் காத்ததில்லை. எல்லை, கணக்கு, காவல், தண்டனை ஆகிய நான்கையும் உடைய ஸ்தாபனமாகத் தன்னை அமைத்துக்கொண்ட சமூகமே காத்தது. அந்த ஸ்தாபனத்தின் வாசல் எல்லாருக்கும் சமமாகத் திறந்திராதபோது அதன் அஸ்திவாரமே பழுதாயிருந்தது.

மேய்ச்சல் நிலத்து வாதம்

1968-ஆம் ஆண்டு டிசம்பரில், கேரட் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியல் பேராசிரியர், 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னார் அவர். இன்னொரு மாட்டை அதில் விடுவதால் வரும் லாபம் முழுவதும் மாட்டுக்காரனுக்கே சேர்கிறது. புல் குறைவதால் வரும் நஷ்டமோ எல்லார் தலையிலும் பங்காகி விழுகிறது. ஆகவே ஒவ்வொருவனும் மாட்டைப் பெருக்குவான். முடிவில் நிலம் கட்டாந்தரையாகும். இந்த அழிவைத் தடுக்க வேண்டுமானால், நிலத்தைக் கூறு போட்டுத் தனியாருக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அதிகாரத்தின் கட்டாயத்திற்கு உட்படுத்த வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. கேட்ட மாத்திரத்தில் மறுக்க முடியாததுபோல் தோன்றும் இந்த வாதம், காட்டிலும் கடலிலும் பாசனத்திலும் ஊராரின் உரிமைகளை நீக்குவதற்குப் பல தேசங்களில் சாஸ்திரப் பிரமாணமாகவே எடுத்தாளப்பட்டது.

இந்த வாதத்தின் பெருங்குறை, மேய்ச்சற்காரர்கள் ஒருவரோடொருவர் பேசவே மாட்டார்கள் என்று அது அனுமானித்துக்கொண்டதுதான். ஒரே ஊரில் வாழ்ந்து, ஒரே புல்வெளியை நம்பி ஜீவிப்பவர்கள், புல் தேய்வதைக் கண்ணால் கண்டும் கூடிப் பேசாமலிருப்பார்களா என்ற எளிய கேள்வியைக் கேட்டு, அதற்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அளவுமீறி இறைத்ததால் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தபோது, அந்த நீரை இறைத்தவர்களே கூடி உடன்பாடு செய்துகொண்ட வரலாற்றை ஆராய்ந்து 1965-இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர்ப் பல தேசத்துப் பொதுச் சொத்துக்களின் நிர்வாகத்தை ஒப்பிட்டு 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தத் துறையில் அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே. தாம் கூறியது நிர்வாகம் இல்லாத பொதுச் சொத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று ஹார்டினும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆஸ்ட்ரம் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஸ்விட்சர்லாந்து மலைகளிலுள்ள தோர்பெல் கிராமம். தன் கொட்டிலில் பனிக்காலம் முழுவதும் தீனியிட்டுக் காக்கக்கூடிய பசுக்கள் எத்தனையோ, அத்தனைக்குமேல் ஒரு பசுவையும் கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டக்கூடாது என்று அவ்வூரார் 1517-இல் விதி செய்தார்கள். ஊராரால் தாமே தீர்க்க முடியாதென்று ஹார்டின் நினைத்த அதே மேய்ச்சல் நிலத்துப் பிரச்சினையை, அந்தக் குடியானவர்கள் ஒரே வரியில் தீர்த்துவிட்டார்கள். ஸ்பெயின் தேசத்து வாலென்சியாவில், பாசனக் கால்வாய்களின் உழவர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் வாசலில் கூடித் தண்ணீர் வழக்குகளைக் கேட்கிறார்கள், வழக்கறிஞர் இல்லை, வாதம் வாய்மொழியாகவே நடக்கிறது, தீர்ப்பு அங்கேயே கிடைக்கிறது. பல நூற்றாண்டுகளாக இந்த நியாயசபை நடந்து வருகிறது.

நேபாளத்து ஆராய்ச்சி இவையெல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது. அங்கே பொறியியல் வல்லுநர்கள் சிமெண்டால் அமைத்துச் சர்க்கார் நிர்வகித்த கால்வாய்களைவிட, உழவர்கள் மண்ணாலும் கல்லாலும் தழைகளாலும் கட்டித் தாமே நடத்திய கால்வாய்களில் விளைச்சல் மிகுதியாகவும், கடைமடைக்கு நீர் செல்வது ஒழுங்காகவும் இருந்தன. காரணம் எளியது. மண்ணணை ஆண்டுதோறும் உடையும். அதைக் கட்டக் கடைமடைக்காரனின் உழைப்பு தலைமடைக்காரனுக்குத் தேவை. ஆகவே அவனுக்குரிய நீரைக் கொடுத்தே தீரவேண்டும். சிமெண்ட் அணை வந்ததும் அந்தத் தேவை அற்றுப்போயிற்று. தேவை அற்றதும் தர்மமும் அற்றுப்போயிற்று. ஒருவரையொருவர் நம்பியிருக்க வேண்டிய நிலைமையே அங்கே நீதியின் அஸ்திவாரமாயிருந்தது.

கண்மாயும் அதன் நியதியும்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. வடக்கே ஏரி என்றும், மதுரைக்குத் தெற்கே கண்மாய் என்றும், நெல்லைச் சீமையில் குளம் என்றும் வழங்கும் இவற்றுள் பல, ஒன்றன் மறுகால் மற்றொன்றின் வரத்தாகுமாறு சங்கிலியாகத் தொடுக்கப்பட்டவை. ஆண்டில் சில வாரங்களே கொட்டும் மழையைப் பிடித்து வைத்து, மாதக்கணக்கில் செலவழிக்கும் இந்த ஏற்பாட்டில், கரை எழுப்பியதைக் காட்டிலும் பெரிய சாதனை, கரைக்குள் நின்ற நீரைச் சண்டையின்றிப் பங்கிட்டது.

பங்கிடும் பொறுப்பு நீர்ப்பாய்ச்சியிடம் இருந்தது. நீர்க்கட்டி என்றும் மடையன் என்றும் அவரை அழைக்கும் ஊர்கள் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், வாய்க்காலை முறையிட்டுத் திருப்புவதும், வெள்ளக்காலத்து இரவுகளில் கரையில் அரிப்புக் காண்கிறதா என்று பார்த்து வருவதும் அவர் கடமை. பல ஊர்களில், அந்தக் கண்மாயின் பாசனம் பெறும் நிலப்பரப்பான ஆயக்கட்டில் அவருக்குச் சொந்த நிலம் இராது. ஆகவே தன் வயலுக்கு முந்திப் பாய்ச்சும் சபலத்திற்கு இடமில்லை. சம்பளமும் பணமாக அன்றி, அறுவடைக் களத்தில் ஒவ்வொரு நிலத்துக்காரரும் அளக்கும் நெல்லாகவே கிடைத்தது. கடைமடை வயல் காய்ந்தால் அவர் கூலியும் காயும். காவலனின் நலனும் காக்கப்படுவோரின் நலனும் ஒன்றாயிருக்கும்படி அமைத்த இந்த ஏற்பாட்டை, நிர்வாக சாஸ்திரம் கற்றவர்களும் வியந்து நோக்கலாம்.

மராமத்து வேலையும் அப்படியே நடந்தது. மழைக்கு முன்னால், நிலத்தின் அளவுக்கேற்ப வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி, வரத்துக்காலைத் தூர்வாரி, கரையின் பள்ளங்களை மண்ணிட்டு உயர்த்தி, மடையைச் செப்பனிடுவது குடிமராமத்து. அள்ளிய வண்டல், வயலுக்கு உரமாயிற்று. நீர் வற்றும் தறுவாயில் பிடிக்கும் மீனின் ஏலப்பணமும், கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களின் வருவாயும் ஊர்ப் பொதுவில் சேர்ந்து, கரைக்கும் கோயில் காரியத்துக்கும் செலவாயின. கண்மாயின் வரவு கண்மாய்க்கே திரும்பியதால், எந்தக் கஜானாவின் தயவையும் எதிர்பார்க்கும் அவசியம் ஊருக்கு ஏற்படவில்லை.

நீர் குறைந்த ஆண்டில்தான் ஒரு நியதியின் உண்மையான பரீட்சை. சந்தையின் வழி, குறைந்த பொருளின் விலையை ஏற்றி, கொடுக்க முடியாதவனை விலக்கிவிடுவது. ஊரின் வழியோ, குறைவையே பங்கிடுவது. முறை வைத்துப் பாய்ச்சி, ஒவ்வொருவரும் சாகுபடிப் பரப்பைக் குறைத்துக்கொண்டு, கிடைத்ததை வைத்து எல்லாரும் ஒரு பிடி விளைச்சலாவது காண்பது. இலங்கையின் வறண்ட பகுதிச் சிங்களக் கிராமங்களில் 'பெத்ம' என்னும் வழக்கம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. குளம் நிரம்பாத ஆண்டில், மடைக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் பயிரிட்டு, அந்த வயல்களையே அப்பருவத்திற்கு மாத்திரம் பங்காளிகள் அனைவருக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். பருவம் முடிந்ததும் நிலம் உரியவரிடம் திரும்பும். சொத்துரிமையை மறுக்காமலே அதன் கடுமையைத் தணித்த இந்த ஏற்பாடு, பொருளாதார அறிஞர் எவருடைய ஆலோசனையுமின்றி உழவர்களின் அனுபவத்தில் விளைந்தது.

நம் சாசனங்களும் இந்த நிர்வாகத்தின் தொன்மைக்குச் சாட்சி. சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன; ஏரிக்கென்று தனி வாரியமே இருந்தது. பதவி வகித்துக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தெரிவுக்குத் தகுதியற்றவர் என்ற விதி, ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் நம் ஸ்தாபனங்களுக்கு ஒரு படிப்பினை.

எப்படிச் சிதைந்தது

இந்த முறை தானாக மூப்படைந்து மாயவில்லை. அதன் ஆதாரங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. ஏரிப் பராமரிப்புக்கென்று பழைய அரசுகளும் தனவந்தர்களும் விட்டிருந்த மானியங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வரிக்குள் இழுத்துக்கொண்டது. ரயத்துவாரி முறை, சர்க்காருக்கும் தனித்தனி உழவனுக்கும் நேர்த் தொடர்பை உண்டாக்கி, இடையே இருந்த ஊர் என்னும் ஸ்தாபனத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிற்று. வரவைப் பறித்துக்கொண்ட அரசு, கடமையை மட்டும் ஊராரிடம் விட்டு, 1858-ஆம் ஆண்டின் முதற் சட்டத்தால் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக்க முயன்றது. ஊரார் தம் சொத்துக்குச் செய்த வேலை சர்க்காரின் சொத்துக்குச் செய்யும் ஊழியமாக மாறியதும், அதில் அவர்களுக்கு மனம் ஒட்டவில்லை.

சுதந்திரத்திற்குப் பிறகும் திசை மாறவில்லை. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் ஒரு கொடுமையை நீக்கியது. கூடவே ஜமீன் கண்மாய்கள் சர்க்கார் வசமாயின. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திற்கும் பிரிந்தன. மீன் குத்தகையும் மர ஏலமும் வேறு வேறு கைகளுக்குச் சென்றன. ஒரே உடம்பாயிருந்த ஏரி, பல இலாகாக்களின் கோப்புகளில் துண்டாகக் கிடந்தது. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. வசதியுள்ளவன் ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறு வெட்டி, பின் ஆழ்துளையிட்டு, மடையின் முறைக்குக் காத்திராதவனானான்; அயலானுக்குத் தண்ணீரை விற்கவும் தலைப்பட்டான். கரை வேலைக்கு அவன் ஆள் அனுப்ப வேண்டிய காரணம் ஒழிந்தது. நேபாளத்தில் சிமெண்ட் அணை செய்ததை இங்கே மோட்டார் செய்தது. 1960-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏரிப்பாசனம் பெற்ற பரப்பு 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல். இன்று அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

தஞ்சையில் பிறந்து, காந்தியடிகளின் பொருளாதார நெறிக்குச் சாஸ்திர உருவம் கொடுத்த ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளிவந்த நூலில், சேமிப்பை அழித்து வாழும் பொருளாதாரத்தையும் ஆண்டுதோறும் புதிதாய் வரும் வரவைக் கொண்டு வாழும் பொருளாதாரத்தையும் பிரித்துக் காட்டினார். பாறை இடுக்கில் யுகங்களாகத் தேங்கிய நீரை உறிஞ்சும் ஆழ்துளைக் கிணறு முதலாவது. ஆண்டின் மழையை ஆண்டிற்குள் பங்கிட்டு உண்ட கண்மாய் இரண்டாவது. நாம் நிலையானதை விட்டு அழிவதைப் பற்றிக்கொண்டோம். விற்பனை விலை இல்லாத ஒன்றுக்கு மதிப்பும் இல்லை என்று கருதும் மனோபாவம் பரவிய பின், நகரத்தை அடுத்த ஏரிகள் வெறும் மனைகளாகவே கண்ணுக்குப் பட்டன. சென்னையில் தியாகராய நகர் எழுந்தது மாம்பலம் ஏரியின்மேல். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை நிற்பது உலகனேரியில். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருவதை நாம் வெள்ளம் என்று குறை கூறுகிறோம்.

பொதுவில் இடம்பெறாதவர்கள்

இவ்வளவும் சொன்னபின், பழமையைப் போற்றுவோர் பலரும் வாய்திறவாமல் கடந்துவிடும் உண்மையைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதப்பட, கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டும். அது அந்தணர் சபை. நள்ளிரவில் கரை காத்த நீர்ப்பாய்ச்சி பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்; அவர் காத்த நீரைப் பங்கிடும் ஆலோசனையில் அவருக்குக் குரல் இல்லை. குடிமராமத்தின் கடும் பாரம் நிலமற்றவரின் தோளில் விழுந்ததும், அதன் பயன் நிலமுடையோரின் களத்தில் குவிந்ததும் பல ஊர்களின் கதை. பெண்களோ, நாற்று நட்டுக் களை பறித்தும் ஊர்க்கூட்டத்தின் விளிம்பில்கூட நிற்கவில்லை.

1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி, டாக்டர் அம்பேத்கர் மஹாட் நகரத்துச் சவதார் குளத்தில் தம் மக்களோடு இறங்கி நீர் அருந்தினார். பொதுக் குளங்கள் எல்லாருக்கும் உரியவை என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இலேயே தீர்மானித்திருந்தது. நகரசபையும் அதை ஏற்றிருந்தது. எனினும் அந்த நீரைத் தொட்டதற்காக அம்மக்கள் தாக்கப்பட்டார்கள். உரிமையை நிலைநாட்டும் தீர்ப்பு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் 1937-இல்தான் கிடைத்தது. எந்த வழிப்போக்கனுக்கும் கால்நடைக்கும் மறுக்கப்படாத நீர், உடன்பிறந்த மனிதனுக்கு மறுக்கப்பட்ட இடத்தில், சமூகம் என்ற சொல்லை நாம் பெருமையோடு உச்சரிப்பதற்கில்லை. சந்தையின் குரூரத்திலிருந்து தப்பி ஊரின் குரூரத்தில் விழுவது விமோசனமாகாது. பணத்தால் சாதியை மீறலாம் என்ற சிறு நம்பிக்கையையாவது சந்தை அளிக்கிறது என்று ஒடுக்கப்பட்டோர் கூறும்போது, அதற்கு விடையளிக்கும் கடமை ஊர்ப்பொதுவின் பொருளாதாரத்தை ஆதரிப்போருக்கே உண்டு. சமத்துவத்தை அடித்தளமாகக் கொண்ட புதிய ஊர்ப்பொதுவைக் கட்டிக்காட்டுவதே அந்த விடை.

இனிச் செய்ய வேண்டியவை

அத்தகைய முயற்சிகள் தொடங்காமலில்லை. மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையின் வயலகம் இயக்கம், 1992-இல் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, கண்மாய்தோறும் உழவர் சங்கங்களை அமைத்து, சீரமைப்புச் செலவில் ஒரு பகுதியை உழவர்களே பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கச் செய்து, ஒரே சங்கிலியில் உள்ள கண்மாய்களின் சங்கங்களைக் கூட்டமைப்பாகவும் இணைத்து வருகிறது. உழவர் பாசன நிர்வாகத்திற்கென்று 2000-இலும், ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்று 2007-இலும் தமிழ்நாட்டில் சட்டங்கள் வந்தன. 2017-இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கி, வேலையை உழவர் சங்கங்களிடம் ஒப்படைக்க முன்வந்தது. நோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் ஒரு கோடையில் மண் அள்ளி முடித்துப் பட்டியல் போட்டுப் பணம் பெறுவதோடு காரியம் நின்றுவிட்டால், பெயர் மட்டுமே திரும்பி வந்ததாகும். மராமத்து ஆண்டுதோறும் நடப்பது. அதை நடத்தும் ஸ்தாபனம் ஆண்டு முழுவதும் உயிரோடிருக்க வேண்டும்.

அதற்கு முதலாவதாக, கண்மாய்ச் சங்கத்தில் நிலமுடையோர் மட்டுமன்றி, நிலமற்ற தொழிலாளரும், மீன்பிடிப்போரும், ஆடுமாடு மேய்ப்போரும், பெண்களும் பட்டியல் இனத்தவரும் முழு வாக்குரிமையோடு அங்கத்தினராக வேண்டும். கண்மாயால் பிழைப்பவர் எவரும் கண்மாய்க்கு அந்நியராயிருக்கலாகாது. இரண்டாவதாக, மீன், மரம், வண்டல் ஆகியவற்றின் வருவாய் அந்தக் கண்மாயின் நிதிக்கே வரவேண்டும். வருவாயில்லாத கடமை நீடிக்காது என்பதை 1858 நமக்குக் கற்பித்திருக்கிறது. மூன்றாவதாக, ஏரியின் எல்லையும் வரத்துக்காலின் எல்லையும் அளந்து கல் நடப்பட்டு, அந்தக் கணக்கு கிராமசபையில் வாசிக்கப்பட வேண்டும். நான்காவதாக, ஆயக்கட்டுக்குள் இருக்கும் கிணறுகளும் அதே நியதிக்கு உட்பட வேண்டும். மேல்நீர் பொதுவாகவும் கீழ்நீர் தனிச் சொத்தாகவும் இருக்கும்வரை எந்தப் பங்கீடும் ஏமாற்றுதான். நீர்ப்பாய்ச்சியின் பணி, பரம்பரைச் சாதித் தொழிலாக இருப்பதை விட்டு, தக்க ஊதியமும் மரியாதையும் உடைய பொதுப்பதவியாக உயர வேண்டும்.

சர்க்கார் விலகிக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஊரார் விதி செய்யும் உரிமையை அரசு அங்கீகரித்து, வலியவன் எளியவனை ஒதுக்கும்போது குறுக்கிட்டு, ஓர் ஊரின் மிகுதி அடுத்த ஊருக்கு அநீதியாகாமல் நடுநின்றாலன்றிச் சிறு ஸ்தாபனங்கள் தனித்து நிற்கமாட்டா. சந்தையையும் மூடிவிட வேண்டியதில்லை. விளைந்த நெல் விலைக்குப் போகட்டும், விளைவித்த நீர் விலைக்குப் போகவேண்டாம். எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம், அந்தத் தீர்மானத்தின் விளைவை அனுபவிக்கப் போகிறவர்களிடம் இருக்கட்டும். கூடிப் பேசவும், கணக்குக் கேட்கவும், தவறியவரைத் தட்டிக் கேட்கவும், நேற்றுவரை கூட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவருக்குச் சம ஆசனம் அளிக்கவும் நம் ஊர்கள் கற்றுக்கொள்ளுமாயின், இந்த 39,000 நீர்நிலைகளும் அத்தனை ஜனநாயகப் பள்ளிக்கூடங்களாக விளங்கும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் நம் ஏரியின் கணக்கை வாசிக்கச் சொல்லிக் கேட்பதே அதற்கு முதற் படி; அதைக் கேட்க எந்தச் சட்டத் திருத்தத்திற்கும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.